மேலாற்றுக்குப் போன எங்கள் லாப்ரடார்

லாப்ரடார் நாய் வளர்க்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் உங்கள் வீட்டு அடுப்படிக்குக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். எங்கள் வீட்டில் இல்லை. பிஜியில், நவுவா ஆற்றங்கரையில், சந்தைக்குப் பக்கத்தில், முன்னால் சாப்பாட்டுக் கடை, பின்னால் வீடு என்று ஒரே தகரக் கூரைக்குக் கீழே இருந்தோம். காலையில் நான் ரொட்டி சுட்டுப் போட, என் வீட்டுக்காரர் அதில் உருளைக்கிழங்குக் கறியை வைத்துச் சுருட்டிக் காகிதத்தில் மடிப்பார். ரொட்டி பார்சல் என்பார்கள். பஸ் பிடித்துத் தலைநகரான சுவாவுக்கு வேலைக்குப் போகிறவர்களும், மேலாற்றுக் கிராமங்களிலிருந்து படகில் சேப்பங்கிழங்கும் வாழைக்காயும் கொண்டுவருகிற பிஜிக்காரர்களும் அதை வாங்கித்தான் வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள். இப்படிப்பட்ட வீட்டில், வயிறு நிறைந்தது என்று ஒரு நாளும் ஒப்புக்கொள்ளாத ஜாதி நாயை வளர்ப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. பாதிப் பேர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள், மீதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நாய்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன். எழுதினால் கூப்பிட்ட மாதிரி இருக்கும், கூப்பிட்டால் வாசலைப் பார்க்கத் தோன்றும்.

முதல் நாய் வந்தது முதல் கூ நடந்த வருஷம். ராணுவம் பார்லிமென்டுக்குள் புகுந்து ஆட்சியைப் பிடித்ததை எங்கள் ஊரில் கூ என்றுதான் சொல்வோம். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது என்றெல்லாம் சட்டம் போட்டார்கள். கடற்கரை ஹோட்டல்களுக்கு ஆள் வருவது நின்றது. அங்கே மானேஜராக இருந்த ஒரு ஆஸ்திரேலியக்காரர் எங்கள் ரொட்டி பார்சலுக்கு வாடிக்கை. அவர் ஒரு நாள் மூட்டை முடிச்சோடு காரில் வந்தார். பின் சீட்டில் கன்னங்கரேலென்று ஒரு பெரிய லாப்ரடார். ஊருக்குப் போய் இடம் பார்த்துக்கொண்டு ஆள் அனுப்புகிறேன், அதுவரை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த நாய் கார்க் கதவு வழியாக இறங்கி, கடைக்குள் நுழைந்து, மடித்து வைத்த பார்சலில் ஒன்றைக் காகிதத்தோடு விழுங்கிவிட்டு என் காலடியில் வந்து உட்கார்ந்தது. மனிதர் வெட்கத்தில் சிவந்துபோனார். நாய்க்கு வெட்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. வாலை ஆட்டியது. ஆள் அனுப்புகிறேன் என்றவர் அனுப்பவே இல்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கோபக்காரி. ஊருக்கே தெரியும். மூக்குக்கு மேல் கோபம் வந்தால் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தக் கரண்டியைப் பார்த்தாலே கடையின் பின்பக்கம் வழியாக ஓடிவிடுவார்கள். இந்தக் கறுப்பன் மட்டும் நான் திட்டத் திட்ட, தன்னைத்தான் கொஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கிட்டே வந்து என் முழங்காலில் முகத்தை வைப்பான். இந்த ஜென்மத்தை எப்படித் திட்டுவது? இரண்டு மாதத்தில் எனக்கு அலுத்துப்போனது. திட்டுவதை விட்டுவிட்டேன்.

எங்கள் அம்மன் கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டினால் பத்து நாளும் என் வீட்டுக்காரர் கோயிலிலேயே தங்குவார். அந்தப் பத்து நாள் வீட்டில் மீன், இறைச்சி, முட்டை எதுவும் கிடையாது. வீட்டில் கிடையாது என்றால் வீட்டு நாய்க்கும் கிடையாது. பருப்புச் சோறுதான் போட்டேன். கறுப்பன் அதையும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, நேரே படகுத்துறைக்குப் போய், பிஜிக்காரர்கள் சுத்தம் செய்து தூக்கிப் போட்ட மீன்தலைகளை விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அது தெரிந்தும் நான் கண்டும் காணாமல் இருந்தேன். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, அவனுக்கு எஜமானின் நினைப்பு வந்துவிட்டது. ஒரு பெரிய மீன்தலையைக் கவ்விக்கொண்டு கோயிலுக்கே போய், மஞ்சள் வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தவரின் காலடியில் அதை வைத்துவிட்டு, சாப்பிடு என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றானாம். பூசாரி முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இவர் கதை கதையாகச் சொல்வார். நாய்க்கு யாரும் காப்புக் கட்டவில்லையே, அது பிரியத்தோடு கொண்டுவந்ததில் குற்றம் இல்லை என்று பூசாரி இடத்தைக் கழுவிவிடச் சொல்லிவிட்டார். இவரும் அந்த வருஷம் கால் சுடாமல் தீயில் இறங்கி ஏறினார்.

கறுப்பன் வந்த பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. போகிறவர்கள் நாயை விட்டுவிட்டுப் போகிற வீடு. அந்த வருஷங்களில் ஆள் போகாத தெரு இல்லை. ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர் என்று எங்கே கதவு திறந்ததோ அங்கே போனார்கள். கட்டிலை விற்றார்கள், மாட்டை விற்றார்கள், நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். நாயை விற்க மனசு வராமல் என்னிடம் கொண்டுவந்தார்கள். எத்தனை வந்தன, எத்தனை போயின என்பது எனக்கே நினைவில்லை. நாட்டு நாய்களும் வந்தன. லாப்ரடார்கள் மட்டும் சமையல் வாசனை பிடித்து நிரந்தரமாகத் தங்கிவிட்டன.

அவற்றில் ஒன்றைப் பற்றி நான் பேசவே மாட்டேன். ஆனால் இந்தக் கதைக்கு அது வேண்டும். காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு ஆண் நாய். வாத்தியார் ஒருவர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனது. வந்த அன்று எங்கள் படல் ஓரத்தில், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தது. லாப்ரடார் ஒன்று சோற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் அப்போதுதான் பார்த்தேன். கறி போட்டேன், பால் வைத்தேன், ஊட்டிவிட்டேன். மரியாதைக்கு என் கையை நக்கிவிட்டுத் திரும்ப ரோட்டைப் பார்க்கும். பஸ் வந்து நின்றால் எழுந்து நிற்கும். ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. அந்த வாரமே வாத்தியார் மனைவி கனடாவிலிருந்து போன் செய்து, எங்கள் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். நான் போனை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் எப்படிச் சொன்னாரோ, என்ன சொன்னாரோ, இன்றுவரை நான் கேட்டதில்லை. அன்றைக்கு மனசுக்குள் ஒன்று முடிவு செய்தேன். என் நாய் எதையும் நான் இப்படி விட்டுவிட்டுப் போக மாட்டேன்.

கறுப்பன் நன்றாக வாழ்ந்து, நன்றாகத் தின்று, வயசாகிச் செத்தான். அதற்கு முன்னால் ஒரு நல்ல காரியம் செய்தான். சுவாவில் ஒரு டாக்டர் வீட்டு மஞ்சள் லாப்ரடாருக்கும் அவனுக்கும் பிறந்த குட்டிகளில் ஒன்று எங்கள் பங்குக்கு வந்தது. வெண்ணெய் நிறத்தில் ஒரு பெண்குட்டி. அவளைச் சின்னவள் என்று வைத்துக்கொள்வோம்.

என் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. நாங்கள் பேசினால் புரியும், பதில் எங்களூர் இந்தியில் வரும், இல்லாவிட்டால் இங்கிலீஷில் வரும். வீட்டில் நானும் அவரும்தான் தமிழ் பேசுகிற ஆட்கள். மூன்றாவது ஆள் சின்னவள். வா என்றால் வருவாள், உக்காரு என்றால் உட்காருவாள், போதும்டி என்றால் மட்டும் காது கேட்காது. என் மகள் கல்யாணம் ஆகி அடுத்த தீவில் லம்பாசாவுக்குப் போன பிறகு, மகன் ஆக்லாந்துக்குப் படிக்கப் போய் அங்கேயே வேலையில் அமர்ந்த பிறகு, பகலெல்லாம் நான் இவளிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். மாவு விலை, எண்ணெய் விலை, பக்கத்துக் கடைக்காரி என்னைப் பார்த்த பார்வை எல்லாம் அவளுக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் பின்கட்டில் விஷத் தேரைகள் வரும், கைப்பிடி அளவு இருக்கும். லாப்ரடாருக்கு வாயில் போடாமல் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. சின்னவள் தேரையைக் கவ்வி, வாயில் நுரை தள்ள, கண் செருக வந்து நிற்பாள். நான் குழாயைப் பிடித்து வாயைக் கழுவிவிட்டு, என் உயிரை வாங்கத்தான் பிறந்தாயா என்று அழுவேன். மறுநாள் அதே தேரையைத் தேடிக்கொண்டு போவாள். ஆற்றில் வெள்ளம் வந்து கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, நாங்கள் மாவு மூட்டைகளை மேஜைமேல் ஏற்றிக்கொண்டு தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டோம். அவள் பெஞ்சுகளுக்கு நடுவே நீந்தி விளையாடினாள். வீட்டுக்குள்ளேயே ஆறு வந்துவிட்டதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம். பார்த்துச் சிரித்துவிட்டோம். வேறென்ன செய்வது?

படகுக்காரரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மேலாற்றில், படகில் ஒரு மணி நேரம் போனால் வருகிற ஒரு பிஜிக் கிராமத்துக்காரர். ஆட்களையும் காய்கறியையும் ஏற்றிக்கொண்டு தினமும் எங்கள் துறையில் வந்து நிற்பார். எங்களைவிட நன்றாக எங்களூர் இந்தி பேசுவார். என் வீட்டுக்காரரைப் பையா, அதாவது அண்ணன் என்பார், என்னைப் பௌஜி, அதாவது அண்ணி என்பார். அவருடைய மனைவி அதிகம் பேச மாட்டாள். சனிக்கிழமை சந்தையில் என் கடை ஓரத்தில் கீரைக்கட்டுகளைப் பரப்பி உட்காருவாள். இரண்டு மகன்கள். ஒருவன் பின் ஒருவனாக இங்கிலாந்துப் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டார்கள். நாங்கள்தான் பிள்ளைகளைக் கப்பல் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தால், எதிரே இவளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் வெயில் ஏறியதும் அவள் கீரைக்கு விரித்திருக்கும் குடையின் நிழலில் போய்ப் படுத்துக்கொள்வாள்.

அடுத்த பெரிய கூ வந்தபோது பார்லிமென்டில் ஆட்களைப் பிடித்து வைத்திருந்தார்கள். சுவாவில் இந்தியர் கடைகள் எரிந்தன. எங்கள் பக்கம் என்ன நடக்குமோ என்று கடைக்கதவைப் பாதி சாத்திக்கொண்டு அடுப்பு மூட்டினோம். காலையில் பார்த்தால் படகுக்காரர் எங்கள் முன்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கூட அவர் கிராமத்து ஆட்கள் நாலைந்து பேர். டீ கேட்டார்கள். குடித்துவிட்டுப் போகவில்லை. சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளும் வந்தார்கள். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எங்கள் கடைமேல் ஒரு கல் விழவில்லை. சின்னவள் அந்த நாட்களில் பார்சல் தின்று தின்றே ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாள்.

மகன் பயந்துவிட்டான். பயப்படாமல் என்ன செய்வான்? தினமும் போன். எங்கள் இருவருக்கும் நியூசிலாந்துக்கு விண்ணப்பம் போட்டான். அது என்னவோ நடந்துகொண்டே இருந்தது. நாங்களும் ரொட்டி சுட்டுக்கொண்டே இருந்தோம். சின்னவளின் மூக்கு நரைத்த பிறகு, அனுமதி வந்துவிட்டது. இன்ன மாதத்துக்குள் வந்து இறங்க வேண்டும் என்று கெடு.

நான் கேட்ட முதல் கேள்வி நாய்க்கு என்ன வழி என்பதுதான். சுவாவில் மிருக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் இடுப்பை அமுக்கிப் பார்த்தார், மார்பில் குழாய் வைத்துக் கேட்டார். இதயம் பலவீனமாக இருக்கிறது, கூண்டில் அடைத்து விமானத்தில் ஏற்றினால் இறங்கும்போது உயிரோடு இருக்கும் என்று நான் பொறுப்பேற்க மாட்டேன் என்றார். அப்படியானால் நானும் போக மாட்டேன் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். அம்மா, அது ஒரு நாய் என்று அவன் இங்கிலீஷில் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ மட்டும் என்ன, சோறு போட்டு வளர்த்த பிறகு வாலை ஆட்டினாயா என்று கேட்டு போனை வைத்தேன்.

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் பயம் நிஜம். கண்ணை மூடினால் அந்தக் காப்பிக்கொட்டை நிற நாய் படலோரம் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தது. நான் போன பிறகு இவளும் அப்படி உட்கார்ந்தால்? என் வீட்டுக்காரரோ பொறுமைசாலி. யாரிடமாவது பத்து நாள் விட்டுப் பார்ப்போம், சாப்பிட்டால் போவோம், சாப்பிடவில்லை என்றால் அப்புறம் யோசிப்போம் என்றார். படகுக்காரர் வீட்டில் விடலாம் என்பதும் அவர் யோசனைதான். சும்மா விட்டுப் பாருங்கள், ஒன்றும் உறுதியாகச் சொல்லாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி நாயோடு அனுப்பினேன்.

போன மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நம்மை இத்தனை நாள் காத்தவரிடம் டீக்கடைப் பேச்சாகக் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிஜிக்காரர்கள் இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரில், சந்தையில் நல்லதாக ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிஜிக்காரர் வீட்டில் முன்னால் வேரை வைத்து ஒன்றைக் கேட்டால், அது பெரிய பேச்சு. அவர் வேரைக் கையில் எடுத்துக் கைதட்டிவிட்டால், கேட்டதை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். பிறகு கொடுத்தவரும் பின்வாங்க முடியாது, வாங்கியவரும் முடியாது. இங்கேயே பிறந்து வளர்ந்த மனிதர், பத்து நாள் விட்டுப் பார்க்கிற விஷயத்துக்கு அந்த வேரைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். வேரை வைத்த பிறகு பத்து நாள் என்று சொல்ல வாய் வரவில்லையாம். இவளை உங்களிடம் ஒப்படைக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லாரும் கைதட்டினார்களாம்.

"வாடகைக்கு விட்டுட்டு வாங்கன்னு அனுப்பினா, கன்னிகாதானம் பண்ணிட்டு வந்து நிக்கிறீங்களே" என்றேன். கரண்டி என் கையில்தான் இருந்தது. அவர் சின்னவளிடமிருந்து கழற்றிக்கொண்டு வந்த கழுத்துப்பட்டையை ஆணியில் மாட்டினார்.

முதல் நாள் நான் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் காலையில் படகு வரும் சத்தம் கேட்டதும் மாவுக்கையோடு துறைக்கு ஓடினேன். என்ன செய்கிறாள் என்று கேட்டேன். படகுக்காரர் ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார். வந்த உடனே மரவள்ளிக்கிழங்கும் மீனும் சாப்பிட்டாள், ஆற்றில் இறங்கிக் குளித்தாள், ராத்திரி, பட்டாளத்துக்குப் போன மகனுடைய பாயில் ஏறிப் படுத்துக் குறட்டை விட்டாள். மூன்றாம் நாளும் அதே கதைதான். நாலாம் நாள் பக்கத்து வீட்டுச் சேப்பங்கிழங்கைத் திருடிவிட்டாளாம்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே போய்ச் சொல்வேன்? அவள் சாப்பிட வேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டவள் நான். அவள் சாப்பிட்டாள் என்று தெரிந்ததும் வயிறு எரிந்தது. நன்றி கெட்ட ஜென்மம், ஒரு வேளையாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவினேன். அவர் ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நாய் நல்லாத்தான் இருக்கு, இனிமே என்ன, டிக்கெட் எடுத்துடலாமா என்று கேட்டார்.

  இத்தனை மாதமாக நாய், நாய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நாய் நன்றாக இருக்கிறது. துறையில் படகுகள் நின்றன. முன்பெஞ்சில் யாரோ டீக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக்கல் புகைந்துகொண்டிருந்தது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"நாய்க்காக இல்லீங்க. எனக்குத்தான் போக வேணாம்" என்றேன்.

அவர் கல்லில் கருகிக்கொண்டிருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நாயாவது மிஞ்சியிருக்கும்" என்றார். அவருக்கும் போக மனசில்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்து என்ன பிரயோஜனம்?

மகன் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. பிறகு சரியாகிவிட்டான், வருஷத்துக்கு ஒரு தடவை நாங்கள் வந்து போக வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டான். எனக்கு அவன் கோபத்தைவிட நாய்தான் பெரிதாக இருந்தது. அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று தினமும் இவரைப் பிடுங்கினேன். வேர் வைத்துக் கொடுத்ததைச் சும்மா போய்க் கேட்க முடியாது, இன்னொரு கட்டு வேர் வைத்து முறையாகத்தான் கேட்க வேண்டும், கேட்டால் அவரால் மறுக்கவும் முடியாது, அதனால்தான் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றார். உங்கள் கூச்சத்தை ஆற்றில் போடுங்கள் என்று சொல்லி, சந்தையிலேயே பெரிய கட்டாக வாங்கிவந்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. நானும் கூடப் போனேன்.

மழை பெய்து ஆறு கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் அவளை எப்படிக் கட்டிக்கொள்வேன், என்ன சொல்லித் திட்டுவேன் என்று நினைத்துக்கொண்டே போனேன். கரையில் இறங்கியதும் அவள் ஓடிவந்து என்மேல் பாய்ந்தாள். என்னைச் சேற்றில் தள்ளி, மேலே ஏறி நின்று, முகமெல்லாம் நக்கினாள். மறக்கவில்லை பாருங்கள். பிறகுதான் கவனித்தேன். அவளுடைய உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் வாசனை. ரோமம் பளபளவென்று சீவியிருந்தது. கழுத்தில் புதுக் கயிறு கட்டியிருந்தது.

படகுக்காரரின் மனைவி வீட்டு வாசலில் நின்றாள். நாங்கள் நியூசிலாந்துக்குப் போகவில்லை என்ற செய்தி எங்களுக்கு முன்னாலேயே படகேறிப் போய்விட்டது. நாங்கள் எதற்கு வருகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. காலையில் சர்ச்சுக்குக்கூடப் போகாமல் நாயைக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, கயிறு கட்டி வைத்திருக்கிறாள். அலுமினியச் சட்டியில் மீன் குழம்பு. எங்களுக்கு என்று தட்டுகளில் போட்டாள், பிறகு நாய்க்கு ஒரு தட்டில் முள் எடுத்துப் போட்டாள். "உக்காரு" என்றாள். சின்னவள் உட்கார்ந்தாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, என் கடை ஓரத்தில் உட்கார்ந்து கேட்டே கற்றிருக்கிறாள். அந்தச் சொல்லை என் பிள்ளைகள் வாயில்கூட நான் கேட்டதில்லை. உள்ளே சுவரோரம் மகனுடைய பாய் விரித்திருந்தது. அதில் முழுக்க மஞ்சள் ரோமம்.

பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் வேர்க்கட்டை முன்னால் வைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். படகுக்காரரின் மனைவி கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தபடி கதவோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. இரண்டு பிள்ளைகளை அனுப்பிப் பழகிய கை. கயிற்றை இறுக்கிப் பிடிக்கவும் இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி விரலில் தொங்கவிட்டிருந்தாள். நான் எத்தனை பேரிடம் நாயை வாங்கியிருக்கிறேன். போகிறவர்கள் எல்லாரும் கயிற்றை அப்படித்தான் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

நான் இவருடைய முழங்கையைப் பிடித்து இழுத்தேன். தமிழில், வேறு யாருக்கும் புரியாமல், "நாயைக் கேக்காதீங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். வேர் முன்னால் வைத்தாகிவிட்டது, என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன்: "நாங்க இங்கேயே இருக்கப் போறோம், அதைச் சொல்ல வந்தோம்னு சொல்லுங்க." அவர் அதையே சொன்னார். உங்கள் ஆற்றின் கரையிலேயே நாங்கள் இருந்துகொள்கிறோம் என்று முறையாகவே சொன்னார். படகுக்காரர் வேரைக் கையில் எடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் எழுந்து கதவோரம் போனேன். அவள் கயிற்றை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. குனிந்து சின்னவளின் கழுத்திலிருந்த முடிச்சை அவிழ்த்தேன். எண்ணெய்க் கழுத்து, விரல் வழுக்கியது. எங்களூர் இந்தியில் அவளிடம், தினமும் ராத்திரி சின்னவளிடம் ஏதாவது பேசிக்கொண்டிரு, இல்லாவிட்டால் தூங்க மாட்டாள் என்றேன். அவள் தலையாட்டினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சின்னவள் இரண்டு பேருக்கும் நடுவே முகத்தை நுழைத்து, யாராவது தட்டில் மிச்சம் வைத்திருக்கிறார்களா என்று பார்த்தாள்.

சனிக்கிழமை சந்தைக்குச் சின்னவளையும் படகில் கூட்டிக்கொண்டு வருகிறேன், பௌஜி, உங்கள் கடையில்தான் அவளுக்குச் சாப்பாடு என்று படகுக்காரர் சொன்னார். யங்கோனா குடித்துத் திரும்பும்போது மழை விட்டிருந்தது. வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அரிசியை அளக்கும்போது எதையும் நினைக்கவில்லை. சோறு வடித்த பிறகுதான் பார்த்தேன், சின்னவளின் பங்கும் சேர்ந்து பானை நிறைய இருந்தது. இவர் தன் தட்டுச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டை மறுபடியும் நீட்டினார்.